வாங்கிய கொடைக்கு முதலில் கணக்குச் சொல்வோம்

தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழு, நிதிக்குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் நிதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. நான் சொல்லப்போவது அந்த ஒன்றுக்கு மட்டும் உரியதும் இல்லை. இப்போதெல்லாம் பல்கலைக்கழகங்கள் போட்டி போட்டுக்கொண்டு தொலைநோக்கு ஆவணம் வெளியிடுகின்றன. ஆய்வு மையம், பன்னாட்டுத் தரவரிசை, புத்தொழில் வளர்ப்பகம் என்று கனவுகள் நீளும். பணத்துக்கு என்ன வழி என்று தேடினால், "முன்னாள் மாணவர்களிடமும் கொடையாளர்களிடமும் நிதி திரட்டப்படும்" என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பற்றித்தான் இந்த மடல். புதிதாகக் கை நீட்டும் முன், ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பது என்ன ஆயிற்று என்று கொடுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். நாம் அதைச் செய்வதில்லை.

நிதிப் பிரிவில் அறக்கட்டளைப் பதிவேடு என்று ஒன்று இருக்கும். உங்களில் பலர் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆட்சிக்குழு மேசைக்கு அது வருவதே கிடையாது. நான் இருந்த இடத்தில் அது நீளவாக்கில் தைத்த கனத்த பேரேடு, முனைகளில் சிவப்புத் துணி ஒட்டியது. பக்கத்துக்கு ஓர் அறக்கட்டளை. மேலே கொடையாளர் பெயர், யார் நினைவாக, என்ன நிபந்தனை, எவ்வளவு தொகை, எந்த வங்கியில் வைப்பு. கீழே ஆண்டுவாரியாக வட்டி வரவும் பரிசுச் செலவும். முதல் சில வரிகள் ஒரே கையெழுத்தில் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். பிறகு கையெழுத்து மாறும், மை மாறும், சில ஆண்டுகள் வெறுமனே கிடக்கும். அப்புறம் "கணினியில் ஏற்றப்பட்டது" என்று ஒரு முத்திரை. கணினியில் போய்ப் பார்த்தால் தொகை இருக்கும், நிபந்தனை இருக்காது.

அதில் 1970ஆம் ஆண்டின் பக்கம் ஒன்று. வேதியியலில் முதலிடம் பெறும் மாணவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கும்படி ஒரு வழக்கறிஞர் தன் தந்தை நினைவாக 2,000 ரூபாய் கட்டியிருந்தார். அன்று பவுன் 150 ரூபாயை ஒட்டி விற்றது. அதாவது அவர் கட்டியது பதிமூன்று பவுனுக்கான காசு. ஆறு சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 120 ரூபாய். முக்கால் பவுனுக்குக் குறையாமல் பொன் வாங்கி நிஜமான பதக்கமே அடித்துக் கொடுக்கலாம். 2025இல் பவுன் 70,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. வைப்பில் இருப்பது அதே 2,000 ரூபாய்தான். ஏழு சதவீதம் போட்டால் 140 ரூபாய் வரும். பதக்கம் முதலில் வெள்ளியாயிற்று, பிறகு முலாம் பூசிய பித்தளையாயிற்று, கடைசியில் சான்றிதழோடு நின்றுவிட்டது. பட்டமளிப்பு விழாப் பட்டியலில் மட்டும் இன்றும் "தங்கப் பதக்கம்" என்றே அச்சாகிறது.

ராமானுஜனுக்கு 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த ஆய்வு உதவித்தொகை மாதம் 75 ரூபாய். துறைமுகக் கழகத்தில் எழுத்தராக அவர் வாங்கிய சம்பளம் 30 ரூபாய். அந்த 75 ரூபாய் வந்த பிறகுதான் வயிற்றுப்பாட்டுக்கென்று ஒரு நாற்காலியில் உட்காராமல் அவரால் முழு நேரமும் கணிதத்தில் இருக்க முடிந்தது. அதே 75 ரூபாயை "ஆண்டுப் பரிசு" என்ற தலைப்பில் எங்கள் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். அந்தக் காசோலைக்காகக் கோப்பு நான்கு மேசை ஏறி இறங்கும் செலவு அதைவிடக் கூடுதல். மாணவர்கள் பெரும்பாலும் அதை வங்கியில் போடுவதே இல்லை. மூன்று மாதம் கழித்துக் காலாவதியாகித் திரும்ப நம் கணக்கிலேயே ஏறும்.

இதில் யாரும் ஒரு பைசா எடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் விதிப்படிதான் நடந்தோம். மூலதனத்தைத் தொடக்கூடாது, வட்டியை மட்டும் செலவழிக்க வேண்டும் என்பது விதி. தொடவில்லை. வட்டி முழுவதையும் ஆண்டுதோறும் துடைத்துச் செலவழித்தோம், மூலதனம் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து தேய்ந்தது. தணிக்கையிலும் இதற்கு ஆட்சேபணை வராது. கூட்டல் சரியாக இருக்கிறதே!

நேர்மாறாக நடந்த கதையும் இந்த ஊரிலேயே உண்டு. பச்சையப்ப முதலியார் இறந்தது 1794இல். அவர் உயில் எழுதி வைத்தது தர்ம காரியங்களுக்கும் கோயில் கட்டளைகளுக்கும்தான். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் அவர் நினைப்பிலேயே இருந்திருக்காது. உயிலை நிறைவேற்ற வேண்டியவர்களுக்குள் தகராறு வந்து, வழக்காகி, பணம் பல பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்தது. கிடந்த காலமெல்லாம் வட்டி குட்டி போட்டது. கட்டளைகளுக்குப் போக மிஞ்சிய தொகையில்தான் 1842இல் சென்னையில் பச்சையப்பன் பள்ளி தொடங்கி, பின்னால் கல்லூரியும் ஆனது. வழக்கால் அழிந்த சொத்துக்கு நம் நாட்டில் கணக்கே இல்லை. வழக்கால் பெருகியது அநேகமாக இது ஒன்றுதான். செலவழிக்காமல் விட்ட வட்டிக்கு எவ்வளவு பலம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கொடையாளர்கள் நம்மைக் கைவிட்டதாக யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அழகப்பச் செட்டியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1944இல் கிண்டியில் அவர் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி, 1947இல் காரைக்குடியில் கலைக் கல்லூரி. மைய மின்வேதியியல் ஆய்வகம் தன் ஊருக்கு வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். 15 லட்சம் என்பது அன்று என்ன தொகை என்று நினைத்துப் பாருங்கள். 1957இல், ஐம்பது வயதைத் தொடாமலே அவர் போய்ச் சேர்ந்தார். காரைக்குடியில் அவர் தொடங்கிய கல்லூரி வளாகம்தான் பின்னால் 1985இல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. நிலமும் கட்டடமும் கொடுத்ததோடு நிற்காமல், நாட்டின் ஆய்வுக் கூடம் ஒன்றையே அங்கே வரவழைத்ததுதான் அவருடைய சாமர்த்தியம் என்பது என் கணிப்பு. ஆய்வகத்தின் அன்றாடச் செலவு மத்திய அரசின் பொறுப்பாயிற்று. ஆண்டுதோறும் யார் சோறு போடுவது என்ற கேள்விக்கு அவர் முதல் நாளே வழி செய்துவிட்டார்.

சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் 20 லட்சம் ரூபாயும் தான் நடத்திய கல்லூரிகளையும் கொடுத்து 1929இல் பல்கலைக்கழகம் எழுந்தது. அதுவும் எளிய கொடை இல்லை. தமிழுக்கும் தமிழிசைக்கும் அந்த வளாகம் செய்ததை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 2013இல் கடும் நிதி நெருக்கடியில் அரசு தனிச் சட்டம் போட்டு அதை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பணியாளர் எண்ணிக்கை அளவு மீறிப் போய், வருமானம் சம்பளத்துக்கே போதவில்லை. தொடங்கி வைத்த கை எவ்வளவு தாராளமானதாக இருந்தாலும், நடத்துகிறவர்கள் கணக்கு பார்க்காவிட்டால் அது எத்தனை நாளுக்குத் தாங்கும்?

பெரிய கொடையாளர்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். வழக்கறிஞர் இருப்பார், பட்டயக் கணக்கர் இருப்பார். எனக்குக் கவலை சின்னக் கொடையாளர்களைப் பற்றித்தான். ஒருநாள் மதியம் எங்கள் பிரிவுக்கு ஓர் அம்மா வந்தார். ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை. துணிக்கடை மஞ்சள் பையிலிருந்து வங்கி வரைவோலையை எடுத்து மேசையில் வைத்தார். ஓய்வூதியப் பணிக்கொடையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய். அவருடைய மகள் எங்கள் தாவரவியல் துறையில் படித்துக்கொண்டிருந்தபோது காய்ச்சலில் இறந்துபோனவர். அதே துறையில், கிராமத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு பெண்ணுக்கு வருஷா வருஷம் புத்தகம் வாங்கக் கொடுக்க வேண்டும் என்றார். படிவம், உறுதிமொழி, மூன்று பிரதிகள் என்று கேட்டதையெல்லாம் நிரப்பிக் கொடுத்தார். எழுந்து போகும்போது, "தம்பி, யாருக்குக் கொடுத்தீங்கன்னு வருஷத்துக்கு ஒரு கடுதாசி போடுவீங்களா?" என்று கேட்டார். "பேரு தெரிஞ்சா போதும், வேற ஒண்ணும் வேணாம்."

அந்த ஒரு கடிதத்துக்காகக் குறிப்பு எழுதிக் கோப்பை மேலே அனுப்பினேன். "இதற்கு முன்னுதாரணம் இல்லை. பிற கொடையாளர்களும் கோரக்கூடும்" என்று எழுதித் திரும்பி வந்தது. பிற கொடையாளர்களும் கோரினால் என்ன என்று அந்தக் கோப்பில் யாரும் கேட்கவில்லை. கோரத்தான் வேண்டும், அவர்கள் கோருவதற்கு முன்பே நாம் அனுப்பவும் வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி.யைப் பாருங்கள் என்று சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "அவங்க பசங்க எல்லாம் அமெரிக்காவில இருக்காங்க சார், நம்ம பசங்க எங்கே இருக்காங்க?" பாதி உண்மை. 2023-24 நிதியாண்டில் அவர்கள் திரட்டியது 513 கோடி ரூபாய். 2024 ஆகஸ்டில் 1970ஆம் ஆண்டு முன்னாள் மாணவர் கிருஷ்ணா சிவுகுலா ஒருவரே 228 கோடி கொடுத்தார். அந்த அளவுக்கு நம்மிடம் ஆள் இல்லை, சரி. ஆனால் அங்கே கொடையாளர்களோடு தொடர்பு வைத்திருப்பதற்கென்றே தனி அலுவலகம் இருக்கிறது, ஆண்டு முழுக்க அதே வேலையாக ஆட்கள் இருக்கிறார்கள். நம்மிடம் அறக்கட்டளை என்பது, தேர்வுக் கட்டணத்தையும் பயணப்படியையும் பார்க்கும் உதவியாளரின் ஐந்தாவது வேலை. நம் முன்னாள் மாணவர்கள் ஆசிரியர்களாகவும் வங்கி ஊழியர்களாகவும் வட்டாட்சியர்களாகவும் மாவட்டந்தோறும் இருக்கிறார்கள். கோடி கொடுப்பவர் குறைவாக இருக்கலாம். ஐயாயிரம், ஐம்பதாயிரம் கொடுக்க மனமுள்ளவர்கள் ஏராளம். அவர்கள் முகவரிகூட நம்மிடம் சரியாக இல்லை.

கடல் தாண்டியிருப்பவர்களையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு, அதாவது தமிழுக்கென்று ஒரு நிரந்தரப் பேராசிரியர் பதவிக்கு, வேண்டியிருந்தது 60 லட்சம் டாலர். அமெரிக்காவில் வாழும் இரண்டு மருத்துவர்கள் ஆளுக்கு 5 லட்சம் டாலர் போட்டுத் தொடங்கினார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. உலகெங்கும் இருந்து சிறு தொகைகள் வந்து சேர்ந்தன. 2018இல் இலக்கு நிறைந்தது. இவ்வளவு பணக்காரப் பல்கலைக்கழகத்துக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும், இங்கே தமிழ்த் துறைகள் பேராசிரியர் இல்லாமல் கிடக்கின்றனவே என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி, நானும் கேட்டேன். ஆனால் அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். அந்த 60 லட்சம் டாலர் நம் பதிவேட்டுக்கு வந்திருந்தால் முப்பது ஆண்டுக்குப் பிறகு அங்கே ஒரு பேராசிரியர் இருப்பாரா? அங்கே முதல் கரையாது, ஆண்டு விளைச்சலில் ஒரு பகுதியை மட்டும் எடுப்பார்கள், மீதி முதலோடு சேரும் என்று கொடுத்தவர்களுக்குத் தெரியும். 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கிய செய்தியை அவர்களும்தான் படித்தார்கள். நாம் கொடுக்கும் பணம் எந்தக் கணக்கில் போய்க் கிடக்குமோ என்ற பயம் அவர்களுக்கு வராமல் இருக்குமா?

ஆகவே முதல் வேலை, அறக்கட்டளைப் பணத்தைப் பொதுநிதியிலிருந்து பிரித்துத் தனிக் கணக்கில், தனிப் பொறுப்பில் வைப்பது. சம்பளத்துக்கு இழுபறியான மாதத்தில் "பிறகு வைத்துவிடலாம்" என்று அதிலிருந்து கைமாற்று வாங்கும் பழக்கம் எந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தாலும் அதற்கு ஆட்சிக்குழுத் தீர்மானத்தால் பூட்டுப் போட வேண்டும். அப்படி வாங்கியது திரும்பி வந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்தது வட்டி. பத்து லட்சம் ரூபாய் மூலதனம், ஏழு சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 70,000 ரூபாய். 40,000 ரூபாயை மாணவருக்குக் கொடுத்துவிட்டு 30,000 ரூபாயை மூலதனத்தில் சேர்த்து, ஆண்டுதோறும் வரும் வட்டியை இதே விகிதத்தில் பிரித்துக்கொண்டே வந்தால், ஏறக்குறைய 24 ஆண்டில் மூலதனம் 20 லட்சமாகும், பரிசும் 80,000 ரூபாயாகும். விலைவாசியை இது முழுக்க எட்டிப் பிடித்துவிடாது, தெரியும். ஆனால் பதக்கம் பித்தளையாவதை ஒரு தலைமுறைக்காவது தள்ளிப்போடும். பங்குச் சந்தையில் போடச் சொல்லவில்லை. அந்தத் துணிச்சல் நமக்கு வேண்டாம். ஆண்டுக்கொரு முறை வங்கி வைப்பைப் புதுப்பித்துக்கொண்டு, வட்டி விகிதம் இறங்கும்போதெல்லாம் கையைப் பிசைவதைவிட, ஒரு பகுதியை 30, 40 ஆண்டு அரசுக் கடன் பத்திரங்களில் பூட்டி வைக்கலாம். நூறாண்டு வாழப்போகும் நிறுவனத்துக்கு ஓராண்டு வைப்பு எதற்கு?

தேய்ந்துபோன பழைய சின்ன அறக்கட்டளைகளை என்ன செய்வது? ஒரே துறைக்கு உரியவற்றைச் சேர்த்து ஒரு பொது வைப்பாக்கி, ஒரு கௌரவமான உதவித்தொகையாகக் கொடுத்து, சான்றிதழில் எல்லாக் கொடையாளர்களின் பெயரையும் அச்சிடலாம். குடும்பத்தார் இருந்தால் எழுதிக் கேளுங்கள். பேரப்பிள்ளைகள் பலர் நல்ல நிலையில் இருப்பார்கள், தாத்தா பெயர் நிற்க வேண்டும் என்று மேலும் போடவும் செய்வார்கள். நிபந்தனை குறுக்கே நின்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் பொது அறநிலைகளுக்கென்று உள்ள 92ஆம் பிரிவு வழியாக நீதிமன்றத்தை அணுகலாம். மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான். பழைய பத்திரங்கள் சிலவற்றில் "இன்ன சாதி மாணவருக்கு மட்டும்" என்றும் எழுதியிருக்கும். அதையும் அப்போதே எடுத்து வைத்துப் பேசிவிடுவது நல்லது. புதிதாக வருபவர்கள் அப்படிக் கேட்டாலோ, கொடையோடு சேர்த்து ஒரு நியமனத்துக்கும் சிபாரிசு கொண்டுவந்தாலோ, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிற தைரியம் உங்களுக்கு வேண்டும்.

எதற்காகக் கேட்பது என்பதிலும் நமக்கு ஒரு பழக்கதோஷம் இருக்கிறது. நுழைவு வளைவு, கலையரங்கம், கருங்கல் பலகையில் பெயர். திறப்பு விழா நடக்கும், படம் வரும். அடுத்த ஆண்டு மின்கட்டணம் யார் தலையில் என்ற பேச்சு தொடங்கும். ஒரு துறைக்கு முன்னாள் மாணவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த ஆய்வுக் கருவி ஒன்று, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குக் கணக்குத் தலைப்பு இல்லாததால் துணி போர்த்திக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். துறைத் தலைவர் அதன்மேல் விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். கருவிக்குக் கொடுப்பவரிடமே பராமரிப்புக்கும் சேர்த்துக் கேளுங்கள். முடியாது என்றால் சின்னக் கருவியாக வாங்குங்கள். அதைவிட, ஆளுக்குக் கேளுங்கள். ஒரு பேராசிரியர் இருக்கை, முனைவர் பட்ட மாணவருக்கு மூன்றாண்டு ஊதியம், முதல் தலைமுறைப் பெண்ணுக்கு விடுதிக் கட்டணம். தொலைநோக்கு ஆவணத்தில் நீங்கள் எழுதியிருக்கும் ஆய்வு இலக்குகளை நிறைவேற்றப் போகிறவர்கள் இவர்கள்தான், கலையரங்கம் அல்ல.

நிதிநிலைக் கூட்டம் எப்படியும் வரப்போகிறது. அந்தப் பொருள் நிரலில் அறக்கட்டளைகளை ஒரு தனி உருப்படியாக வையுங்கள். அறக்கட்டளைவாரியாக மூலதனம், வட்டி, பயனடைந்த மாணவர் பெயர் என்று ஓர் அறிக்கை கேளுங்கள். அதைக் கொடையாளர் ஒவ்வொருவருக்கும் அஞ்சலில் அனுப்புங்கள். முன்னுதாரணத்தை நீங்களே உண்டாக்கிக் கொடுங்கள்.

கூடவே, கொடுக்க நினைப்பவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி ஒரே ஒரு பக்கம் தயார் செய்யுங்கள். எந்தக் கணக்கில் போட வேண்டும், ரசீது எப்போது வரும், வருமான வரிக் கழிவுக்கான சான்றிதழை யார் தருவார்கள். 80ஜி என்று நமக்குப் பழகிப்போன அந்தக் கழிவு புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கிடைக்காது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். கழிவுக்காகக் கொடுப்பவர் குறைவு, ஏமாந்துவிட்டதாக நினைப்பவர் திரும்ப வரமாட்டார். வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது, அயல்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால் ஆகும் என்ற வித்தியாசம் பலருக்குத் தெரியாது. சிங்கப்பூரிலிருந்தும் கலிபோர்னியாவிலிருந்தும் தொலைபேசியில் கேட்டவர்களுக்கு, எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கொரு பதில் சொல்லி அனுப்பினார்கள். அதில் எத்தனை பேர் வேறு எங்கோ கொடுத்துவிட்டார்களோ. அந்த ஒரு பக்கத்தைத் தமிழிலும் போடுங்கள். மஞ்சள் பையோடு வருகிறவர்களுக்கும் அது வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிதிப் பிரிவு அலுவலர் ஒருவர்